மேசைக்குப் போய் வந்த கிறீம்

போன கிழமை நீங்கள் எல்லோரும் சமைக்கிற குசினிக்கு வந்திருந்தேனே, அப்போது ஒரு தம்பி கேக்குக்கு அடித்து மிஞ்சிய கிறீமை அப்படியே தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டார். வேலையை விட்டு வந்தவன் அடுப்படிக்குள் போய் வாயைத் திறந்தால் இருக்கிற மரியாதையும் போய்விடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் முகம் கோணிவிட்டது போலிருக்கிறது. அதைக் கவனித்த அந்தத் தம்பி, பங்களாக் காலத்தில் இதையெல்லாம் என்ன செய்வீர்கள் மாஸ்டர் என்று கேட்டார். ஒரு சிரிப்பைப் பதிலாகக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை. நான் என்னமோ பெரிய சிக்கனக்காரன், எதையும் வீணாக்காத உத்தமன் என்கிற மாதிரியான சிரிப்பு அது. அப்படி நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அறுபத்து நாலில் கஹவத்தைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பங்களாவில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். சில வருஷங்களில் அங்கேயே கோக்கியாகிவிட்டேன். பங்களாச் சமையல்காரருக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் ரப்பர், நடுவில் மேட்டின் மேல் பங்களா. பின்னால் மாட்டுக் கொட்டகை. குசினியில் மண்ணெண்ணெயில் எரியும் பிரிட்ஜ் ஒன்று. அதன் திரி சரியாக எரிந்தால் குளிரும். புகைந்தால் உள்ளே இருக்கிற வெண்ணெய் முதல் முட்டை வரை எல்லாம் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும். என் இளமையில் பாதி அந்தத் திரியைக் குனிந்து பார்ப்பதிலேயே போயிற்று.

கிறீம் விஷயம் சுருக்கமாகச் சொல்கிறேன். சீனி போடாதது மிஞ்சினால் மூடி போட்டு, மீனும் வெங்காயமும் இல்லாத பிரிட்ஜ் தட்டில் வையுங்கள். கொஞ்சம் சேர்ந்ததும் கடைந்து வெண்ணெய் எடுத்து உருக்கிவிடலாம். சீனி போட்டு அடித்தது மிஞ்சினால் மறுநாள் அதையே மறுபடி அடித்துக் கேக்கின் தலையில் வைக்கப் பார்க்காதீர்கள், தண்ணீர் விட்டுவிடும். பாண் புடிங்குக்கோ பேன்கேக் மாவுக்கோ தள்ளிவிடுங்கள். பிராண்டி சேர்ந்தது அன்றைக்கே முடிய வேண்டும். இதெல்லாம் உங்கள் புத்தகங்களில் என்னைவிட நன்றாகவே இருக்கும்.

புத்தகத்தில் இருக்காது என்று நான் நினைப்பது ஒன்றுதான். ஒரே பசுவின் பாலில் எடுத்த ஒரே கிறீம்தான். ஆனால் குசினியை விட்டு வெளியே போகாமலே மிஞ்சியது ஒரு சாமான். மேசைக்குப் போய், ஆட்கள் கரண்டி விட்டு, திரும்பி வந்தது வேறு சாமான். இரண்டையும் நான் ஒரு நாளும் கலந்ததில்லை. முதலாவதுக்கு வெள்ளை எனாமல் பாத்திரம், பிரிட்ஜில் இடம். இரண்டாவது வந்த ஜக்கிலேயே இருந்து நாய்க்குப் போகும். இதில் எனக்குப் பெரிய கர்வம் இருந்தது.

கர்வம் என்றதும் ஒரு சூப் ஞாபகம் வருகிறது. கோக்கியான புதிதில், கொழும்பிலிருந்து தோட்டத்தைப் பார்வையிட ஒரு பெரிய துரை வந்திருந்தார். தக்காளி சூப்பின் மேலே ஒரு கரண்டி கிறீம் விட்டால் அழகாக இருக்கும் என்று பிரிட்ஜைத் திறந்து கைக்கு அகப்பட்டதை எடுத்து விட்டுவிட்டேன். முந்தின நாள் புடிங்குக்குச் சீனியும் வெனிலாவும் போட்டு அடித்த மிச்சம் அது. துரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கரண்டியை மெதுவாக வைத்தார். இன்றைக்கு இனிப்பு முதலில் வருகிறதா என்று மட்டும் கேட்டாராம். பரிமாறுகிறவன் குசினிக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எனக்குக் காது சுட்டது. பிரிட்ஜில் இருந்து எடுக்கிற எதையும் நாக்கில் வைக்காமல் சட்டியில் விடக்கூடாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அது வெறும் வெட்கம். ஒரு கிழமையில் நானே அதைச் சொல்லிச் சிரித்துவிட்டேன்.

அடுத்து நான் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சிரித்துக்கொண்டு சொன்னதில்லை.

எனக்குப் பவளம் என்று ஒரு தங்கச்சி. கீழே தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் இருந்தாள். கொழுந்து பறிக்கிறவள். பங்களாவில் இருந்து நான் கொண்டுபோகிற எதையும் அவள் தொடமாட்டாள். கேக்காகட்டும், பிஸ்கட்டாகட்டும், வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவாள். அதற்குக் காரணம் உண்டு. நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது எங்கள் அம்மா அதே பங்களாவில் வாசல் கூட்டினார். அப்போது இருந்தது வேறு துரை. சாப்பாட்டு மேசையில் மிஞ்சியதையெல்லாம் ஒரு தகர டின்னில் வழித்துப் போட்டுப் பின்வாசலில் வைப்பார்கள். அம்மா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து எங்களுக்குப் பங்கு வைப்பார். ஒரு நாள் பவளத்தின் வாயில் சிகரட் துண்டு ஒன்று வந்தது. புடிங்குக்குள் யாரோ அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அம்மா அதை எடுத்து எறிந்துவிட்டு, மிச்சத்தைச் சாப்பிடு என்றார். பவளம் எழுந்து போனவள்தான். அதற்குப் பிறகு பட்டினி கிடந்தாலும் பங்களாச் சோற்றை அவள் வாயில் வைக்கவில்லை. அவளுடைய பங்கை அன்றைக்கு நான் சாப்பிட்டேன். நான் கோக்கியானதும் அவள் கொழுந்துக்குப் போனதும் அந்த ஒரு நாளில் முடிவான மாதிரி எனக்குச் சில நேரம் தோன்றும்.

எழுபதுகளில் அந்தப் பஞ்ச வருஷங்கள் வந்தன. உங்கள் வீட்டில் வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கூப்பன் அரிசி பாதியாகி, பிறகு அந்தப் பாதியும் வருமா வராதா என்று ஆயிற்று. மாவு இல்லை, சீனி இல்லை. தோட்டத்தில் வேலை நாளையும் குறைத்துவிட்டார்கள். எங்கள் பக்கம் பலா மரமும் ஈரப்பலா மரமும் உண்டு என்பதால் சனம் தப்பிப் பிழைத்தது என்று சொல்வார்கள். எல்லோரும் தப்பவில்லை. பவளத்தின் புருஷன் எம்பிலிப்பிட்டியப் பக்கம் வயல் வேலை கிடைக்கும் என்று போனவர், அவரைப் பற்றித் தகவல் இல்லை. பிள்ளைகள் மூன்று பேர். கிழங்கை அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு பொட்டலத்தோடு போனால் அப்போதும், "வேணாண்ணே, கொண்டு போயிரு" என்றுதான் சொல்வாள். எனக்குக் கோபம் வரும். அவளுடைய ரோசத்தைப் பிள்ளைகளின் வயிற்றில் காட்டுகிறாள் என்று என் மனைவியிடம் திட்டுவேன். நான் மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டுத் திட்டினேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவை நடத்துவதா விடுவதா என்று கோயிலடியில் கூட்டம் போட்டார்கள். தோட்டத் தலைவர் ஒரு விளக்கை ஏற்றிக் கும்பிட்டுவிட்டு விட்டுவிடலாம் என்றார். பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த நேரத்தில் அம்மனையும் பட்டினி போட்டால் யார் காப்பாற்றுவது என்றார்கள். கடைசியில் பொங்கலுக்கு வீட்டுக்கு ஒரு பிடி அரிசி என்று முடிவானது. கருப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்துச் சிங்கள ஆட்களிடம் சொல்லிவிட்டால் கித்துள் கருப்பட்டி கொடுப்பார்கள். நெய்க்குத்தான் வழியில்லை. விளக்குக்கே நெய்யைக் கண்டு மாதக்கணக்காகிறது என்றார் பூசாரி.

நெய் நான் தருகிறேன் என்று என் வாய் சொல்லிவிட்டது. பங்களாக்காரன் என்று ஒதுக்கிப் பேசுகிற கூட்டத்தில் ஒரு தடவையாவது தலை நிமிர்ந்து நிற்கலாமே என்கிற ஆசை. கிறீமைக் கடைந்து உருக்கினால் சுத்தமான நெய், துரையின் மனைவி துரைசாணியிடம் கேட்டால் மறுக்கமாட்டார் என்று விளக்கமும் கொடுத்தேன். ஒரு முணுமுணுப்பு ஓடியது. பெண்கள் பக்கத்தில் இருந்து பவளம் எழுந்து நின்றாள்.

"அது எந்தக் கிறீமுண்ணே? அவங்க தின்னுட்டு வச்சதா?"

"இல்ல பவளம். மேசைக்கே போகாதது. யாரு கரண்டியும் படாதது. நான் பொறுப்பு."

அவள் என்னை நேரே பார்த்தாள்.

"நீ பொறுப்புன்னா சரி. எம் புள்ளைங்களும் சாப்பிடட்டும்."

அவள் வீட்டுப் பிடி அரிசி அன்றைக்கே வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனை வருஷமாகத் திருப்பி அனுப்பியவள், என் கையால் சமைத்ததைச் சாப்பிடச் சம்மதித்துவிட்டாள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருவாள். எனக்கு அதைவிடப் பெரிய பட்டம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

துரைசாணி கொழும்புக்காரர். சிங்களப் பெண். கல்யாணமாகி வந்து அதிக நாளாகவில்லை. தமிழ் கேட்டால் ஓரளவு புரியும், பேசக் கூச்சப்படுவார். அவரைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல எனக்கு வாய் வராது. கோயிலுக்கு என்றதும், மிஞ்சுவதையெல்லாம் எடுத்துக்கொள் என்று சந்தோஷமாகச் சொன்னார். எல்லாமும் வேண்டாம் நோனா, வெள்ளைப் பாத்திரத்தில் நான் சேர்க்கிறது மட்டும் போதும் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உங்கள் ஆட்கள் வாய் வைத்தது எங்கள் சாமிக்கு ஆகாது என்று சம்பளம் கொடுக்கிறவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லியிருக்க வேண்டும். பணிவாகச் சொல்ல ஒரு வழி கண்டுபிடித்திருக்க வேண்டும். அதைச் சொல்லக் கூச்சப்பட்டதுதான் என் முதல் பிழை.

திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை பங்களாவில் சின்னதாக ஒரு விருந்து. பப்பாசியும் அன்னாசியும் வெட்டிப் பழ சலாது, கூடவே ஒரு ஜக்கில் கிறீம். ஆளாளுக்கு ஊற்றியும் கரண்டியால் எடுத்தும் சாப்பிட்டார்கள். ஜக்கு பாதியோடு திரும்பியது. அன்றைக்குக் கோயிலில் அடுப்பு போட ஆள் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். ஜக்கை வலை மூடியால் மூடி வைத்துவிட்டு, நாய்க்குக் காலையில் ஊற்றலாம் என்று இறங்கிப் போய்விட்டேன்.

காலையில் வந்து பார்த்தால் ஜக்கு கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. துரைசாணி நாய்க்கு ஊற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் ஒரு நாளும் பாத்திரம் கழுவியவர் இல்லை. கொஞ்சம் யோசித்திருந்தால் போதும். நிறைந்த பாத்திரத்தைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிற நாம், காலியான பாத்திரத்தைப் பார்த்து ஒன்றும் கேட்பதில்லை. அதையும் கேளுங்கள். உள்ளே இருந்தது எங்கே போனது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் முடிந்தது.

வெள்ளைப் பாத்திரத்தில் நான் நினைத்ததைவிடக் கூடுதலாகவே இருந்தது. நம் மாடுகளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு கடைந்தேன். உருக்கும்போது குசினி முழுக்க அப்படி ஒரு மணம். ஒரு முருங்கை இலையைக் கிள்ளிப் போட்டு இறக்கினேன்.

திருவிழாவன்று பொங்கலை நான்தான் வைத்தேன். எல்லா வீட்டுப் பிடி அரிசியும் சேர்ந்து அந்தப் பெரிய அண்டாவில் பாதிக்குக்கூட வரவில்லை. அடுப்பைச் சுற்றிப் பிள்ளைகள் நின்றார்கள். வழக்கமாகத் திருவிழா என்றால் பிள்ளைகளை அதட்டி அடக்க வேண்டியிருக்கும். அன்றைக்கு அவர்கள் சத்தமே போடாமல் அண்டாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கருப்பட்டிப் பாகு விட்டு, கடைசியில் நெய்யை ஊற்றிக் கிளறினேன். மணம் லயம் வரை போயிருக்கும். பவளம் பிள்ளைகளோடு வந்து முன்னாலேயே நின்றாள். பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு கிண்ணம்.

துரை இரத்தினபுரிக்குப் போயிருந்ததால் துரைசாணி மட்டும் வந்தார். வழக்கப்படி தலைவர் மாலை போட்டார். துரைசாணி நேரே அடுப்புப் பக்கம் வந்து, அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டு, என்னிடம் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். இதில் அவருடைய பங்கும் இருக்கிறதாம். சனிக்கிழமை ஜக்கில் அவ்வளவு கிறீம் வீணாகக் கிடந்ததாம். நான் இவ்வளவு கஷ்டப்பட்டுச் சேர்க்கிறேனே என்று தன் கையாலேயே வெள்ளைப் பாத்திரத்தில் ஊற்றி, ஜக்கையும் தானே கழுவி வைத்தாராம். எனக்கு ஒரு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று இத்தனை நாள் சொல்லவில்லையாம்.

அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த சந்தோஷம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. என் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றுவிட்டது.

பூசாரி பக்கத்திலேயே நின்றார். எங்கள் பக்கத்தில் சிங்களம் தெரியாத ஆள் குறைவு. அவருக்கு ஒரு சொல் விடாமல் புரிந்துவிட்டது. என்னையும் தலைவரையும் கோயிலின் பின்பக்கம் அழைத்துப் போனார்.

நடந்தது விளங்கியதும் தலைவர் சொன்னார்: "யாருக்கும் கேக்கல. வாய மூடிக்குவோம். திரும்பப் பொங்க அரிசி எங்க இருக்கு? அந்தப் புள்ளைங்க மொகத்தப் பாத்தீங்களா?"

பூசாரி அவசரப்படவில்லை. தேங்காயும் பழமும் வைத்து அம்மனுக்குப் பூசையை முடித்துவிடுவதாகவும், பொங்கலை மட்டும் படைக்கமாட்டேன் என்றும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சனத்துக்கிட்ட சொல்றதும் சொல்லாததும் உங்க பாடு கோக்கி. வாக்குக் கொடுத்தது நீங்க."

யோசிக்க எனக்குக் கிடைத்தது பூசை முடிகிற நேரம்தான். சொல்லாமல் விட எத்தனை நல்ல காரணங்கள் இருந்தன என்று பாருங்கள். பிள்ளைகள் பட்டினி. அரிசி வேறு இல்லை. நல்ல மனதோடு கொடுத்த ஒரு பெண் மாலையும் கழுத்துமாக நிற்கிறார். அவருடைய பிழை என்று எதைச் சொல்வது? சொன்னால் அத்தனை பேர் முன்னால் அவர் கூனிக் குறுகுவார். சொல்லாவிட்டால் பவளம் எதை வாழ்நாள் முழுக்க வேண்டாம் என்றாளோ அதை, என் வாக்கை நம்பி, பிள்ளைகளுக்கு ஊட்டுவாள்.

நான் சொல்வது என்று முடிவெடுத்தேன். உண்மைக்காக என்று நெஞ்சைத் தட்டிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. பொங்கலை அம்மனுக்குப் படைக்கவில்லை என்பதை நாளைக்கு யாராவது கேட்பார்கள், பங்களாக்காரன் எச்சிலைக் கொண்டுவந்து ஏமாற்றினான் என்று பேசுவார்கள் என்கிற பயமும் என் முடிவில் பாதி இருந்தது. அவசரத்தில் எடுக்கிற முடிவு சரியாக அமைந்தாலும் அதற்குள் இருக்கிற சுயநலத்தைப் பிறகாவது பிரித்துப் பாருங்கள்.

பூசை முடிந்தது. எல்லோரும் அண்டாப் பக்கம் வரிசையாக வந்தார்கள். துரைசாணியைச் சீக்கிரம் அனுப்பிவிடப் பார்த்தேன். வெயிலாக இருக்கிறது, பங்களாவுக்குப் போய் இருங்கள் நோனா என்றேன். பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். வேறு வழியில்லாமல் அவர் எதிரிலேயே சொன்னேன். அவருக்குப் புரியக்கூடாது என்று வேகமாகத் தமிழில் சொன்னேன்.

"இந்த நெய்யில மேசைக்குப் போய் வந்த கிறீமும் கலந்துருச்சு. எனக்குத் தெரியாம நடந்தது. அம்மனுக்கு இதப் படைக்கல. வேணாங்கிறவங்க வாங்க வேணாம்."

துரைசாணிக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்துபோயிற்று. நான் செய்தது தவறா என்று சிங்களத்தில் கேட்டார். பரவாயில்லை நோனா என்று மட்டும் எனக்குச் சொல்ல வந்தது. அவர் மாலையைக் கழற்றினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து போகவும் இல்லை.

நான் அகப்பையோடு காத்திருந்தேன். கூட்டம் கலைந்துவிடும் என்று உறுதியாக நினைத்தேன். யாராவது என்னைத் திட்டுவார்கள், அதையும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அந்த நேரத்தில் என் மனம் என்ன கணக்குப் போட்டது என்று சொல்ல நாக்குக் கூசுகிறது. இவ்வளவு பொங்கல் மிஞ்சினால் எதில் எடுத்து வைப்பது, பிரிட்ஜில் இடம் இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி.

ஒருவரும் நகரவில்லை. ஒரு கால்கூட வரிசையை விட்டு வெளியே வரவில்லை. யாரும் திட்டவும் இல்லை. பின்னால் இருந்து ஒருவர், "போடுங்க கோக்கி, புள்ளைங்க நிக்குது" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் இவ்வளவு நேரம் பூசாரியோடும் என்னோடும் போராடி எடுத்த முடிவு அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. வேண்டாம் என்றால் வாங்காதே என்று வயிறு நிறைந்தவன் சுலபமாகச் சொல்லிவிடலாம். வேண்டாம் என்று சொல்ல அவர்களிடம் எதுவும் மிச்சமிருக்கவில்லை.

நான் போட ஆரம்பித்தேன். ஆளுக்கு ஒரு அகப்பை. வரிசை நகர்ந்தது. பிள்ளைகளை முதலில் விட்டதால் பவளத்தின் மூன்று பிள்ளைகளும் வாங்கிக்கொண்டு போனார்கள். தன் முறை வந்ததும் பவளம் போய்விடுவாள் என்று நினைத்தேன். போய்விட வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன் என்றே சொல்லலாம். பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்துவிட்டு அவள் மட்டும் தலையை நிமிர்த்திப் போய்விட்டால், நான் இன்னும் அவளைத் திட்டிக்கொண்டே இருக்கலாம். என் மனம் நிம்மதியாக இருக்கும்.

அவள் போகவில்லை. மற்றவர்களுக்கு வழி விட்டு, கடைசி ஆளாக வந்தாள். கையில் ஒரு தகரக் கோப்பை. நான் போட்டேன். கோப்பையைப் பின்னுக்கு இழுக்கவில்லை. என்னைப் பார்க்காமல் அண்டாவையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அடியில ஒட்டுனதையும் சொரண்டிப் போடுங்கண்ணே."

என்னிடம் எப்போதும் நீ என்று பேசுகிறவள், அன்றைக்கு வரிசையில் நின்ற மற்றவர்களைப் போலவே கேட்டாள். நான் அண்டாவைச் சாய்த்துச் சுரண்டினேன். கருகிய பொருக்கும் வந்தது. அதையும் போடச் சொன்னாள். போட்டேன். என் பக்கத்தில் துரைசாணி அழுதுகொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு வெகுநேரம் சுரண்டிக்கொண்டே இருந்தேன், உள்ளே ஒன்றுமில்லாத பிறகும்.

பவளம் சற்றுத் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்து அந்தப் பொருக்கைச் சாப்பிட்டாள். கோப்பையை விரலால் வழித்து நக்கினாள். லயத்துக்குக் கொண்டுபோய் மறைவாகச் சாப்பிட்டிருக்கலாம். அதற்குக்கூட அவள் காத்திருக்கவில்லை.

மறுநாள் காலை துரைசாணி குசினிக்கு வந்தார். வழக்கமாக அன்றைய சமையலைச் சொல்லிவிட்டுப் போகிறவர், ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மிஞ்சுகிற கிறீமை இனி என்ன செய்யலாம் என்று கேட்டார். முதல் தடவையாக நான் அவரிடம் சுற்றி வளைக்காமல் பேசினேன். மிஞ்சியதைப் பற்றிப் பேச வேண்டாம் நோனா, பால் கறந்து வந்ததும் மேசைக்கு எடுப்பதற்கு முன்னால் ஒரு பங்கைத் தள்ளி வைப்போம், அதைப் பிள்ளைக் காம்பராவுக்கு அனுப்புவோம் என்றேன். அம்மாமார் கொழுந்துக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. அவர் உடனே சரி என்றார். துரையிடமும் அவரே பேசிக்கொண்டார். அதற்குப் பிறகு பங்களாவில் புடிங்குக்குக் கிறீம் குறைந்தது. விருந்தாளிகள் யாரும் செத்துப்போகவில்லை.

அந்தத் தோட்டத்தில் நான் இருந்த வரைக்கும், துரைமார் மாறின பிறகும், அதை விடாமல் செய்தேன். உங்களுக்கும் நான் சொல்வது அதுதான். மிஞ்சினதைக் கொடுத்துவிட்டுப் புண்ணியம் தேடாதீர்கள். கொடுக்கிற எண்ணம் இருந்தால் மேசை போடுவதற்கு முன்னால் எடுத்து வையுங்கள். அப்போது கொடுக்கிறவனும் வாங்குகிறவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள முடியும்.

பவளத்தின் கடைசிப் பிள்ளை அந்தக் காம்பராவில்தான் பகலெல்லாம் இருந்தது. அது குடித்த பால் பங்களாவில் இருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துதான் அனுப்பினாளா, வேறு வழியில்லாமல் அனுப்பினாளா என்று எனக்குத் தெரியாது. பக்கத்து ஊரில்தான் இன்னும் இருக்கிறாள். தீபாவளிக்குப் போனால் எனக்குச் சோறு போடுகிறாள். கேட்டால் சொல்லிவிடுவாள். கேட்க எனக்கு முகமில்லை.